கொழுப்புக் காட்டும் எடை மெஷின்: வளரும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு வாங்கலாமா?

கண்ணாடித் தட்டு, அதன் மேல் நாலு எஃகுப் பட்டை. வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையோடு சேர்த்து உடல் கொழுப்பு, தசை, நீர், எலும்பு, வயிற்றுக் கொழுப்பு, ‘உடல் வயது’ என்று பத்துப் பன்னிரண்டு எண்கள் போனுக்கு வந்துவிடும். ஸ்மார்ட் எடை மெஷின் என்ற பெயரில் ஆன்லைனில் பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெரியவர்களை மனதில் வைத்துச் செய்த பொருள்தான். ஆனால் ஏழாவதோ பத்தாவதோ படிக்கும் பிள்ளைக்கு யூனிஃபார்ம் ஆறு மாதத்துக்கொரு முறை பத்தாமல் போகிறது என்ற கவலையில் இதை வாங்குகிற வீடுகள் நிறைய. அந்த ஒரு பயனுக்கு, அதாவது 10 முதல் 18 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு, இது எவ்வளவு உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கிறோம். கம்பெனிக்குக் கம்பெனி ஆப் மாறுமே தவிர, உள்ளே இருக்கும் உறுப்புகளும் கணக்குப் போடும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் இது ஒரு மாடலைப் பற்றிய விமர்சனம் என்று கொள்ளாமல் அந்த வகை முழுவதற்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எடை காட்டும் வேலையை இந்த மெஷின் நன்றாகச் செய்கிறது. அதற்கு மேல் அது காட்டும் எதையும் இந்த வயதில் நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது. ஐந்நூறு, அறுநூறு ரூபாய் சாதா டிஜிட்டல் மெஷின், தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப், சுவரில் ஒரு பென்சில் கோடு, ஒரு நாற்பது பக்க நோட்டு: இந்த நாலும் சேர்ந்தால் அந்தப் பன்னிரண்டு எண்களைவிடப் பல மடங்கு அதிகம் சொல்லும். பிள்ளைக்கு ஏன் எடை ஏறுகிறது என்பதற்கான துப்புகூட அதில்தான் கிடைக்கும்.

எடை: இதில் குறை சொல்ல அதிகமில்லை

தட்டின் நாலு மூலைக்கும் கீழே நாலு கால். ஒவ்வொன்றுக்குள்ளும் லோடு செல் என்ற சிறிய உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவுதான் எண்ணாக மாறுகிறது. ஆகவே கால்கள் நாலும் கெட்டியான, சமமான தரையில் உட்கார வேண்டும். மிதியடி, பாய், ரப்பர் விரிப்பு மேல் வைத்தால் எடை தப்பாகக் காட்டும். டைல்ஸ் இணைகிற கோட்டுக்குள் ஒரு கால் இறங்கிவிட்டாலும் அதே கதைதான். ஒரே டைல்ஸின் நடுவில் வையுங்கள். இடம் மாற்றியபின் காலால் ஒரு தட்டுத் தட்டி, பூஜ்யம் வந்து அணையும்வரை விட்டு, அதற்குப் பிறகு ஏறுங்கள். மாற்றி வைத்தவுடன் வரும் முதல் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பேட்டரி தீரும் நிலையிலும் எண் தடுமாறும்.

வாங்கிய அன்றே இரண்டு சோதனை செய்யலாம். முதலாவது, பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை. வெறுமனே ஏறி எடையைக் குறித்துக்கொண்டு, பையைக் கையில் பிடித்து மறுபடி ஏறுங்கள். வித்தியாசம் 4.9க்கும் 5.2க்கும் நடுவில் இருந்தால் நல்ல மெஷின். பையைத் தனியாகத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். குறைந்த பாரத்தைப் பல மெஷின்கள் சரியாகப் பிடிக்காது.

இரண்டாவது சோதனை பலருக்குத் தெரியாதது. சில மெஷின்கள் முந்தைய எடைக்கு மிக அருகில் ஒரு எடை வந்தால், புதிய எண்ணை விட்டுவிட்டுப் பழைய எண்ணையே திரும்பக் காட்டும். மூன்று தடவை ஏறினாலும் ஒரே எண் வருவதைப் பார்த்து என்ன துல்லியம் என்று நாம் நம்பிவிடுவோம். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஏறிப் பாருங்கள். 200 கிராமாவது கூட வேண்டும். கூடவில்லை என்றால் உங்கள் மெஷினுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. திருப்பி அனுப்பத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் நடுவில் அரிசிப் பையோடு ஒருமுறை ஏறி இறங்கினால் பழைய எண் அழிந்துவிடும்.

ஈரக் காலோடு கண்ணாடி மேல் ஏறினால் வழுக்கும். குளியலறை வாசலில் வைக்காதீர்கள்.

கொழுப்பு: அளப்பதில்லை, கணக்குப் போடுகிறது

எஃகுப் பட்டைகள் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் ஒரு காலில் ஏறி, இடுப்பைச் சுற்றி, மறு காலில் இறங்குகிறது. உடம்புக்கு அது தெரியாது. தசையில் தண்ணீரும் உப்பும் இருப்பதால் மின்சாரம் சுலபமாகப் பாயும், கொழுப்பில் தடைபடும். மெஷின் உண்மையில் அளப்பது இந்தத் தடை ஒன்றை மட்டுமே. மின்சாரம் போகும் பாதை கால்களும் அடிவயிறும்தான். மார்பு, தோள், கை பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த ஒரே எண்ணை உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதோடு ஒரு சூத்திரத்தில் போட்டு மற்ற பத்து எண்களையும் வரவழைக்கிறார்கள். ‘எலும்பு எடை 2.3 கிலோ’ என்று திரையில் வந்தால் எலும்பை எதுவும் தொட்டுப் பார்க்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். உள்வயிற்றுக் கொழுப்பு என்று காட்டும் எண்ணும் இப்படித்தான்.

அந்தச் சூத்திரங்கள் பெரும்பாலும் வளர்ந்து முடிந்தவர்களை அளந்து எழுதியவை. பருவம் அடைகிற வயதில் உடம்பின் நீர், எலும்பின் கனம், தசை எல்லாம் மாதாமாதம் மாறிக்கொண்டிருக்கும். ஆண் பிள்ளைக்குத் தசை கூடும். பெண் பிள்ளைக்கு இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புச் சேரும். அது இயற்கை, அந்த உடம்பு செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. 13 வயதுப் பெண்ணுக்கு ஆப் சிவப்பு நிறத்தில் ‘அதிகம்’ என்று காட்டினால் அந்தச் சிவப்புக்கு அடிப்படையே இல்லாமல் இருக்கலாம். சில மாடல்களின் கையேட்டில் கொழுப்புக் கணக்கு 10 வயதுக்கு மேல் என்றும், பலவற்றில் 18க்கு மேல் என்றும் போட்டிருப்பார்கள். டப்பாவைப் பிரித்ததும் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். ஆப் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிள்ளையின் வயதை 18 என்று பொய்யாகப் போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி வரும் எண்ணுக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

நாளுக்குள்ளேயே அந்த எண் ஆடும். விளையாடி வியர்த்து வந்தால் ஒன்று, குளித்த ஈரத்தோடு ஏறினால் வேறொன்று, ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தபின் இன்னொன்று. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் தேங்குவதால் அப்போதும் மாறும். வெடிப்பு விழுந்த காய்ந்த பாதம் மின்சாரத்தைச் சரியாக விடாது.

கொழுப்பின் அளவு முக்கியமில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தியர்களுக்கு அது மிக முக்கியம். புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் தங்கள் உடம்பையே அளந்து 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 22.3 தான். ஆனால் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்திய உடல்வாகுக்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடையாது. ஆனால் அதை அளந்தது ஆஸ்பத்திரியில் இருக்கும், எக்ஸ்ரே மூலம் கொழுப்பை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். வீட்டுத் தட்டு அந்த வேலையைச் செய்யாது. கைப்பிடியும் சேர்த்து எட்டுப் பட்டை உள்ள ஜிம் மெஷின் இதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

‘உடல் வயது’ என்ற எண்ணை ஆப்பில் முதல் வேலையாக மறைத்துவிடுங்கள். 14 வயதுப் பிள்ளையிடம் உன் உடம்புக்கு 31 வயது என்று சொல்வதற்கு எந்த மருத்துவப் பொருளும் இல்லை. அதனால் பிள்ளைக்குக் காயம் மட்டும் மிஞ்சும்.

பச்சை விளக்கு: பெரிய கோளாறு இங்கேதான்

கொழுப்பு எண் தப்பாக இருப்பதைவிட ஆபத்தானது, பி.எம்.ஐ.க்கு ஆப் போடும் பச்சை விளக்கு. எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் எடுத்த உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. பெரும்பாலான ஆப்கள் 18.5 முதல் 25 வரை பச்சை காட்டும். பெரியவர்களுக்கான உலகப் பொது எல்லை அது. இந்தியப் பெரியவர்களுக்கே 23லிருந்து கவனிக்கச் சொல்கிறார்கள். வளரும் பிள்ளைக்கு எல்லை வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறும்.

12 வயது முடிந்த பையன், உயரம் 150 செ.மீ., எடை 54 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 54ஐ 2.25ஆல் வகுத்தால் 24. ஆப் பச்சை காட்டும், பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் அந்த வயதுப் பையனுக்கு 19.9க்கு மேல் அதிக எடை, 23.6க்கு மேல் உடல் பருமன். அதாவது இந்தப் பிள்ளை பருமன் கோட்டைத் தாண்டி நிற்கிறான். அதே வயதுப் பெண்ணுக்கு அந்த எண்கள் 20.8, 25.0. 15 வயதில் பையனுக்கு 22.7, 27.0, பெண்ணுக்கு 23.5, 28.2. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடங்களில் கோடுகள் இன்னும் கீழே இருக்கின்றன. 18 வயதில் 23க்கும் 27க்கும் போய்ச் சேரும்படி வரைந்தவை அவை. குழந்தை மருத்துவரிடம் அந்தத் தாள் இருக்கும், ஒரு பிரதி கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஆப்பின் நிறத்தைப் பார்க்கவே வேண்டாம்.

இந்தக் கோடுகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 1990இல் உலகில் 5 முதல் 19 வயதுவரை உள்ளவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு உடல் பருமன் இருந்தது, 2022இல் அது 8 பேர். இந்தியாவில் மட்டும் சுமார் ஒன்றேகால் கோடிப் பிள்ளைகள். கண்ணளவில் எல்லாப் பிள்ளைகளும் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கும்போது, நம் பிள்ளை சரியாகத்தான் இருக்கிறான் என்றுதான் தோன்றும்.

சுவரில் ஒரு கோடு

மேலே சொன்ன அதே பையனின் உயரத்தை 2 செ.மீ. கூடுதலாக அளந்துவிட்டால் பி.எம்.ஐ. 23.4 ஆகி, பருமன் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். எடை மெஷினுக்கு இரண்டாயிரம் செலவழித்துவிட்டு உயரத்தைக் குத்துமதிப்பாக ஆப்பில் போடுவதால் வரும் வினை இது. உயரத்தை ஒருமுறை போட்டுவிட்டு ஒரு வருஷம் மாற்றாமல் விடுவது இன்னும் பொதுவான தப்பு. அந்த வருஷத்தில் பிள்ளை 6 செ.மீ. வளர்ந்திருப்பான்.

அளக்கும் முறை இதுதான். தரையோரம் டைல்ஸ் பட்டை துருத்தாத சுவர், அல்லது கதவு நிலை. காலணி, சாக்ஸ் கழற்ற வேண்டும். கொண்டை, உச்சிப் பின்னல், கிளிப் அவிழ்க்க வேண்டும். குதிகால், பிட்டம், தோள்பட்டை சுவரைத் தொட வேண்டும். தலையைத் தூக்கக் கூடாது: கண்ணின் கீழ் விளிம்பும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். கெட்டி அட்டைப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி, உச்சந்தலையில் முடி அமுங்கும்படி இறக்கி, அடிவிளிம்பில் பென்சில் கோடு. பிள்ளை நகர்ந்தபின் இரும்பு டேப்பால் தரையிலிருந்து அளங்கள். இரண்டு முறை அளந்து அரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. காலையில் இருக்கும் உயரம் மாலைக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையும், முதுகெலும்பின் இடைத்தட்டுகள் அமுங்குவதால். அதனால் எப்போதும் ஒரே வேளையில் அளங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கோடு போதும்.

எடை ஏன் ஏறுகிறது என்ற கேள்விக்கு முதல் பதில் இந்தச் சுவரில்தான் இருக்கிறது. சாப்பாட்டாலும் அசைவின்மையாலும் எடை போடும் பிள்ளை பெரும்பாலும் தன் வயதுக்கு நல்ல உயரமாகவே இருக்கும், சில சமயம் வகுப்பிலேயே உயரமாக. எடை ஏறிக்கொண்டே போய், உயரக் கோடு மட்டும் அதே இடத்தில் நின்றால் அது வேறு விஷயம். தைராய்டு குறைபாடு, அபூர்வமாகக் கார்டிசால் ஹார்மோன் மிகுதி என்று தேட வேண்டும். இரண்டாவதில் முகம் உருண்டு, வயிற்றில் அகலமான ஊதா வரிகளும் தோன்றலாம். இதை எந்த ஆப்பும் சொல்லாது. மாத்திரைகளையும் நோட்டில் எழுதுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட், மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் ஆகியவை எடையை ஏற்றும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

உயரம் நன்றாக ஏறுகிறது, எடை அதைவிட வேகமாக ஏறுகிறது என்றால் அன்றாடத்தைப் பார்க்க வேண்டும். குளிர்பானத்தில் வழக்கமாக 100 மில்லிக்கு 10, 11 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டிலில் சுமார் 26 கிராம், ஆறு டீஸ்பூனுக்கு மேல். ஒரு நாள் முழுக்கச் சேர்க்கும் சர்க்கரையே 25 கிராம் அளவில் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டியூஷனுக்கு முன்னால் பேக்கரியில் பப்ஸோடு குடிக்கும் அந்த ஒரு பாட்டிலில் கணக்கு முடிந்துவிட்டது. ஜூஸ் கடை ரோஸ்மில்க்கில் எவ்வளவு போட்டார்கள் என்று லேபிளே கிடையாது. பாலில் கலக்கும் மால்ட் பவுடர் டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் சர்க்கரை எவ்வளவு என்ற வரியைப் படியுங்கள். உயரத்துக்கும் பலத்துக்கும் என்று வாங்குகிற பொருளில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரையாக இருப்பதுண்டு.

எண்ணெய்க்கு ஒரு சுலபமான கணக்கு. நாலு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், ஏறக்குறைய 340 கலோரி. வெளியில் சாப்பிடும் பரோட்டா, பஜ்ஜி, சிப்ஸ் இதில் சேராது. பிள்ளையின் தட்டை மட்டும் குறைத்துவிட்டு எண்ணெய் டின்னை அப்படியே வைத்திருந்தால் பலன் வராது. மாற வேண்டியது சமையலறை.

தூக்கம் பலர் நினைக்காத காரணம். 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ், ஒன்பது வரை டியூஷன், அதன் பிறகு வீட்டுப் பாடம், அதன் பிறகு போன் என்றால் ஆறு மணி நேரம் மிஞ்சினால் அதிகம். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடும், போதும் என்று சொல்லும் லெப்டின் குறையும். அந்தப் பசி இனிப்பையும் வறுவலையும்தான் தேடும். பிள்ளையின் மனவுறுதிக் குறைவு என்று அதைத் திட்டுவது நியாயமில்லை. ஓடியாடி விளையாட ஒரு நாளில் சராசரி 60 நிமிஷம் என்பது அளவு. பத்தாவது, பிளஸ் டூ வந்ததும் பி.டி. பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் பள்ளிகளில் அந்த 60 நிமிஷம் எங்கிருந்து வரும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

மரபும் உண்டு. ஒரே வீட்டில் ஒரே சாப்பாட்டில் அண்ணன் ஒல்லியாகவும் தம்பி பருமனாகவும் இருப்பதற்கு அதுவே பெரும்பாலும் காரணம். எடை குறைவாகப் பிறந்து, முதல் சில வருஷங்களில் வேகமாக எடை ஏறிய பிள்ளைகளுக்கும் கொழுப்புச் சேரும் போக்கு அதிகம்.

நாற்பது ரூபாய் டேப்

வயிற்றுக் கொழுப்பைப் பார்க்க ஆப் தேவையில்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சு விட்டு முடித்த நேரத்தில் படியுங்கள். தோல் அமுங்கக் கூடாது. வந்த எண் உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்: 150 செ.மீ. உயரத்துக்கு 75க்குள். துணி டேப் நாளானால் இழுபட்டு நீளும், வருஷத்துக்கு ஒருமுறை இரும்பு டேப்போடு வைத்துச் சரிபாருங்கள். டேப்பே இல்லாவிட்டால் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூல் வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் தொட்டால் சரி. தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

மெஷின் பார்க்கவே முடியாத அறிகுறிகள்தான் இதில் மிக முக்கியம். பின் கழுத்தில், யூனிஃபார்ம் காலர் உரசும் இடத்தில், தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி மென்மையாக வரிவரியாக இருக்கும். அக்குளிலும் இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்க்கிறார்கள். தோல் புண்ணாகுமே தவிரக் கருப்புப் போகாது. இரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடுவதன் அடையாளம் அது. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டமாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை அங்கே எழுதியிருக்கிறது. பதின்ம வயதில் வரும் டைப் 2 சர்க்கரை நோய், நாற்பதில் வருவதைவிட வேகமாகச் சிறுநீரகத்தையும் கண்ணையும் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கழுத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறோம்.

பெண் பிள்ளைக்கு முதல் மாதவிடாய் வந்து ஒரு வருஷம் கழிந்தபின்னும் 45 நாளைத் தாண்டித் தாண்டி வந்தால், அல்லது ஒருமுறை 90 நாள் இடைவெளி விட்டால், முகத்தில் முடியும் பருவும் கூடினால், பி.சி.ஓ.எஸ். என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரவில் சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் வகுப்பில் தூக்கம் என்றால் அது சோம்பல் இல்லை, தூக்கத்தில் மூச்சுத் தடை. அடிக்கடி தலைவலியோடு பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பருமனான பிள்ளை முழங்கால் வலி என்று சொல்லி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி நொண்டினால், கோளாறு இடுப்பு மூட்டில் இருக்கலாம். தொடை எலும்பின் பந்து வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவும் நிலை அது. தைலம் தேய்த்து வாரக்கணக்கில் காத்திருந்தால் நிரந்தர ஊனம் ஆகலாம். நடக்க விடாமல் அன்றே எலும்பு மருத்துவரிடம் கொண்டுபோய், இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

வாங்கிவிட்டவர்களுக்கு

ஏற்கெனவே ஸ்மார்ட் மெஷின் வீட்டில் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஆப்பை அழித்துவிட்டுத் தட்டில் வரும் எடையை மட்டும் பாருங்கள். எடைக்கு ஆப் தேவையே இல்லை. கிட்டத்தட்ட ஒரே எடையில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆப் ஒருவர் கணக்கை மற்றவர் பெயரில் ஏற்றும். நோட்டில் அந்தக் குழப்பம் வராது. பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உடம்பில் வைத்திருக்கும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், கொழுப்பு அளக்கும் மெஷினில் அவர்களை ஏற்றக் கூடாது.

மாதம் ஒருமுறை போதும். காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடும் முன், லேசான உடுப்பில். தினமும் ஏறினால் நீரும் உப்பும் மலமும் சேர்ந்து ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும், அதைப் பார்த்துப் பிள்ளை பட்டினி கிடக்கத் தொடங்கும். ஹாலில் வைக்காதீர்கள். எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். விருந்தாளி முன்னால் ‘குண்டு’ என்று கூப்பிடும் அத்தை மாமாக்களை நிறுத்தச் சொல்லுங்கள். கேலி பட்ட பிள்ளை ஒளித்துச் சாப்பிடும், எடை இன்னும் ஏறும். சாப்பிட்டதும் குளியலறையில் நீண்ட நேரம் இருப்பது, பிஸ்கட் கவர் மெத்தைக்கடியில் கிடைப்பது, தட்டில் ஏற மறுத்து அழுவது இவற்றில் எது தெரிந்தாலும் எடை பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டு, பிள்ளையை மனநலம் தெரிந்த மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கிலோ குறைய வேண்டும் என்று எல்லாப் பிள்ளைக்கும் இலக்கு வைக்க வேண்டியதில்லை. அந்த 54 கிலோ பையன் ஒரு வருஷம் அதே 54இல் நின்று உயரம் மட்டும் 156 ஆனால் பி.எம்.ஐ. 22.2. 13 வயதுக்குப் பருமன் கோடு 24.8. ஒரு கிலோகூடக் குறையாமல் கோட்டுக்கு வெகு கீழே வந்துவிட்டான். மாதம் மூன்று கிலோ குறைப்போம் என்று பிள்ளைகளுக்குப் பவுடர் விற்கும் இடங்களுக்குக் காசு கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். உயரம் நின்றுபோன 17 வயதுக்கு இது பொருந்தாது, பருமன் மிக அதிகமாக இருக்கும் பிள்ளைக்கும் இது மட்டும் போதாது. அவர்களுக்கு வழி மருத்துவர் சொல்ல வேண்டும். 12 வயதுக்கு மேல் மருந்துகளும் இப்போது உண்டு, ஆனால் அவற்றைக் கடையில் தானாக வாங்கிப் போடுவது பேராபத்து.

பி.எம்.ஐ. பருமன் கோட்டைத் தாண்டியிருந்தால், அல்லது கழுத்துக் கருப்பு இருந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல், எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 5.7க்கு மேல் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம், 126, 6.5 என்றால் நோய், உறுதிசெய்ய மறுபடி பார்ப்பார்கள். கூடவே இரத்தக் கொழுப்புப் பரிசோதனையும், கல்லீரலுக்கு ஏஎல்டி என்ற இரத்தப் பரிசோதனையும். லேப் தாளில் ஏஎல்டிக்கு 40, 50 வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கும், அது பெரியவர் கணக்கு. பெண் பிள்ளைக்கு 22, ஆண் பிள்ளைக்கு 26 என்பதே குழந்தைகளின் கல்லீரலைப் பார்க்கும் மருத்துவர்கள் வைக்கும் மேல் எல்லை. இரத்த அழுத்தம் 13 வயதுக்கு மேல் 120க்கு 80க்குள் இருக்க வேண்டும், 130க்கு 80ஐத் தொட்டால் உயர் அழுத்தம். பார்க்கும்போது கைப்பட்டையைக் கவனியுங்கள்: பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் அழுத்தம் இல்லாத பிள்ளைக்கும் இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை போட்டு இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.